அம்மாவுக்கு எழுபத்தொன்று

எங்கள் அப்பாவுக்குப் போய்க் கேட்ட உடனேயே காப்பீட்டு அட்டை கிடைத்துவிட்டது. கோம்பையில் அவர் வயதில் அவரைவிடத் திடமான ஆள் கிடையாது. திராட்சைத் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருவார், மீசைக்கு மை அடிப்பார், தலைவலி என்று ஒரு மாத்திரை போட்டு நான் பார்த்ததில்லை. எழுபது தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் அரசாங்கம் தருகிற மருத்துவ அட்டை அது. அதை லேமினேட் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டீக்கடையில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

அட்டை தேவைப்பட்டது அம்மாவுக்கு. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து, மதுரைக்குக் கொண்டுபோய் வால்வை மாற்றிவிடுங்கள், அட்டை இருந்தால் அதிலேயே செய்வார்கள் என்றார் தேனியில் பார்த்த டாக்டர். அப்பாவின் அட்டை அம்மாவுக்குச் செல்லாது. எழுபது தாண்டிய ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கான இன்னொரு திட்டம் இருக்கிறது, ஆனால் தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு அதில் இடமில்லை. அதனால் என்ன, அம்மாவுக்கும்தான் எழுபத்தொன்று ஆகிறதே என்று உத்தமபாளையத்து இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்த பெண், "அம்மாவுக்கு இப்பத்தான் அறுபது ஆகுது. இன்னும் பத்து வருசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

கம்ப்யூட்டர் கோளாறு ஒன்றுமில்லை. எல்லாம் எங்கள் அப்பா செய்த வேலை.

அம்மா அவருக்கு அத்தை மகள். முறைப்பெண்ணை வெளியே கொடுத்தால் பண்ணைப்புரத்து நிலமும் கூடவே போய்விடும் என்று பெரியவர்கள் இருவருக்கும் முடித்துவைத்தார்கள். அம்மா இரண்டு வயது மூத்தவள். சின்னதில் லீவுக்கு வரும்போதெல்லாம் "ஏலே, அதை எடு, இதை எடு" என்று அவரை ஓட ஓட விரட்டுவாளாம். தாலி ஏறிய நாளிலிருந்து "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். மூத்தவளைக் கட்டினவன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்பது அப்பாவின் ஆயுட்காலப் பயம். ஊரில் ஒருத்தருக்கும் அதைப் பற்றி அக்கறையில்லை என்பது மட்டும் அந்த மண்டையில் ஏறவே இல்லை.

ஊருக்கு ஆதார் முகாம் வந்தபோது, அம்மாவைப் பேசவிடாமல் அவளுடைய வயதையும் இவரே சொல்லியிருக்கிறார். மனைவி என்றால் பத்துப் பன்னிரண்டு வயதாவது குறைவாக இருந்தால்தான் ஆம்பளைக்கு அழகு என்பது அவர் கணக்கு. அதே மூச்சில் தன் வயதைக் கூட்டிக்கொண்டார். கோயில் திருவிழாவில் பங்காளிகளில் மூத்தவருக்குத்தான் பரிவட்டம், முதல் மரியாதை. எதிர்வீட்டுப் பெரியப்பா இவரைவிட ஒரு வயது மூத்தவர். அறுபத்தொன்பது வயதுக்காரர் எழுபது தாண்டியவர்களுக்கான அட்டையோடு திரிகிற ரகசியம் இவ்வளவுதான். ஒரு முழத் துணியைத் தலையில் கட்டிக்கொள்ள இத்தனை பாடு.

வயதைத் திருத்த வழி இருந்தது. அம்மா படித்த பண்ணைப்புரம் பள்ளிக்கூடத்துப் பதிவை வைத்துக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு முன்னால் வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்து விசாரிப்பார். இதைச் சொன்னதும் அப்பா எகிறினார்.

"எழுபத்தொண்ணுன்னு எழுதிக் குடுத்துட்டு நான் எப்புடி வெளியில தலை காட்டுறது?"

"அம்மா செத்துப்போனா எப்புடிப்பா தலை காட்டுவீங்க?"

"வாயக் கழுவு. நாட்டு மருந்துல எல்லாஞ் சரியாப் போகும்."

அப்படியானால் பணம் கட்டியே செய்வோம் என்றேன். திராட்சை வெட்டு முடியட்டும் என்றார். மோட்டார் சைக்கிள் வாங்கியபோது எந்தத் திராட்சை வெட்டுக்கும் காத்திருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அவரைக் கேட்காமலே மனுக் கொடுத்தேன். வி.ஏ.ஓ. வந்தார். அப்பா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, "அவ எனக்கு ரொம்ப இளையவ சார்" என்று கூசாமல் சொன்னார். வி.ஏ.ஓ. அம்மாவைக் கேட்டார். எழுபத்தொரு வயது மனுஷி, நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச மூச்சில்லாதவள், சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அவுக சொன்னாகன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அப்பாவை எனக்குப் பிடிக்காமல் போய் ரொம்ப நாளாகிறது. ஆனால் அந்த நிமிடத்தில் அம்மா மேல் வந்த ஆத்திரம் அவர் மேல்கூட வந்ததில்லை. உயிரே போகும்போதும் இந்த மீசைக்கு முட்டுக்கொடுக்க வேண்டுமா என்று வாய்விட்டே கத்தினேன்.

என் சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். விஷயம் தெரிந்ததும் முகமெல்லாம் பல்.

"பச்சைப் பொய்யி சார். மதினி எங்க ரெண்டு பேருக்குமே மூத்தவுக. இவனுக்கு நான் மூத்தவன். ரெண்டையும் சேத்தே எழுதிக்கங்க."

அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று அந்த மகராசர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கும் பரிவட்டம்தான் கண்ணில் நின்றது. இருந்தாலும் அவர் சாட்சி சொன்னார், பள்ளிக்கூடத்துப் பதிவும் அதையே சொன்னது. சான்றிதழ் வந்தது, ஆதார் மாறியது, அட்டை கிடைத்தது. அதற்குள் அம்மா உட்கார்ந்தபடியே தூங்குகிற நிலைக்கு வந்திருந்தாள். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். அது ஒரு நிம்மதி.

மதுரையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டுக்கு மாற்றிய பிறகு அனுமந்தன்பட்டியிலிருந்து சொந்தக்காரர்கள் சாத்துக்குடியோடு பார்க்க வந்தார்கள். எழுபது ஆனவர்களுக்குத்தானே இந்த அட்டை என்று அவர்களில் ஒருத்தி கேட்டுவிட்டாள். அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"இவளுக்கு ஏது எழுபது? எம் மகதான் ஆபீசுல ஆளப் பிடிச்சு வயசக் கூட்டிப் போட்டுருச்சு. ஓசியில முடியுதுல்ல."

மகள் ஃபோர்ஜரிக்காரியாக இருக்கலாம், மனைவி மூத்தவளாக மட்டும் இருக்கக்கூடாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டிலில் அம்மா கண்ணைத் திறந்துவிட்டாள். உதடு காய்ந்திருந்தது. எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அப்பாவிடம் வந்து நின்றது பார்வை.

"ஏலே" என்றாள். மூச்சு வாங்காத குரல். "அங்கன இருக்கற தண்ணிய எடு."

யாரைக் கூப்பிடுகிறாள் என்று சொந்தக்காரர்கள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை. அப்பா எழுந்து போய்த் தண்ணீரை எடுத்து, மூடியைத் திறந்து கொடுத்தார்.