பீலிக்கு மேலே ஒரு கெமரா

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹாலிஎலையிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் இருக்கிறது. அங்கே தொழிலாளர் வரிசை வீடுகளில், கடைசி லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது. அந்த லயத்தின் கடைசி அறையில், அந்த ஒற்றைக் காம்பராவில், என் மதினி சின்ன மகளோடு இருக்கிறார். அண்ணனுக்குக் கொழும்பில் கடை வேலை. மழை தொடங்கினால் எனக்குப் பதுளையில் சோறு இறங்காது.

பதுளையில் நான் வேலை பார்ப்பது ஒரு சின்னக் கம்பனியில். மலைச்சரிவுகளைக் கவனிக்கும் கெமராக்களைப் பொருத்துவது எங்கள் தொழில். முன்பெல்லாம் படம் கொழும்புக்குப் போய், அங்குள்ள பெரிய கம்ப்யூட்டர் பார்த்து, பதில் திரும்பி வரவேண்டும். அடைமழையில் சிக்னல் போய்விடும், தேவைப்படும் நேரத்தில்தான் அது இருக்காது. அதனால் இப்போது ஒவ்வொரு கம்பத்தின் கீழும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி வைக்கிறோம். படத்தை அதுவே பார்க்கும், பார்த்த கையோடு அழித்துவிடும். மண் அசைவதாகத் தோன்றினால் பக்கத்துப் பெட்டிகளைக் கேட்கும். அவையும் ஆமாம் என்றால்தான் லயத்தில் சைரன் அடிக்கும், சிக்னல் இருந்தால் எல்லார் போனுக்கும் செய்தியும் வரும். வெளியாள் யாரும் உள்ளே நுழைந்து பொய்ச் செய்தி கிளப்பாதபடி அவற்றின் பேச்சுக்கெல்லாம் பூட்டு உண்டு.

முதலாளியை நச்சரித்து எங்கள் தோட்டத்துக்கும் மூன்று கம்பங்கள் வாங்கினேன். நட்டு முடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மதினி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அண்ணாந்து கெமராவைப் பார்த்தார்.

"ஏ புள்ள, இதுக்கு பீலி தெரியுமா?"

தெரியும். பீலி என்றால் மலையிலிருந்து குழாய் வழியே தண்ணீர் கொட்டுகிற இடம். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு அங்கேதான் குளிப்பார்கள். வெடிப்பு விழுந்த மலைக்கு நேர் கீழே இருக்கிறது. மலையைப் பார்க்கிற கெமரா பீலியைப் பார்க்காமல் இருக்க வழியில்லை.

"தெரியும், ஆனா படம் வெளிய எங்கயும் போகாது மதினி. பெட்டிக்குள்ளயே அழிஞ்சிரும்."

"வெளிய போகாது, சரி. உள்ள பாக்குதுல்ல?"

"அது மெசின் மதினி. அதுக்கு மண்ணும் ஒண்ணுதான், மனுசரும் ஒண்ணுதான்."

"ஆம்பளைங்க அந்த வழியா வந்தா மேல நின்னு குரல் குடுப்பாங்க. நாங்க வாங்கன்னு சொன்னாத்தான் எறங்குவாங்க. எங்க மாமா வரைக்கும் அப்படித்தான். இது குரல் குடுக்குமா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உயிர் பெரிதா குளியல் பெரிதா என்று கேட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்குள்ளேயே அவரோடு சண்டை போட்டேன், எல்லாவற்றிலும் நானே ஜெயித்தேன்.

அந்த வாரமே ஒரு மத்தியானம், தூறல் நேரத்தில், என் போனில் சிவப்புச் செய்தி வந்தது. மூன்று பெட்டிகளும் ஒரே குரலில் மண் அசைகிறது என்றன. மதினிக்கு அடித்தேன், லைன் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். ஆட்டோவில் போகும்போது எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. கோபித்துக்கொண்டு வந்த பேச்சு கடைசிப் பேச்சாகிவிடுமோ என்ற ஒரே பயம்தான்.

போய்ப் பார்த்தால் மலை இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. லயத்துச் சனங்கள் எல்லாரும் கோயிலடியில் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். மதினியும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றார். என் மூன்று கெமராக்கள் மீதும் மூன்று பழைய சேலைகள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் வழியில் பெண்கள் சேர்ந்து கட்டியிருக்கிறார்கள். மத்தியானம் கிளம்பிய காற்றில் அவை படபடத்ததை மலை நகர்வதாகப் பெட்டிகள் எடுத்துக்கொண்டன. ஒரு கெமரா தவறினால் மற்ற இரண்டும் திருத்தும் என்பது எங்கள் கணக்கு. மூன்றுக்கும் ஒரே நாளில் சேலை உடுத்திவிடுவார்கள் என்று எங்கள் ஆபீசில் எவருக்கும் தோன்றவில்லை.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். மதினியின் ஈரத்தலையைப் பார்த்ததும் கத்தல் வரவில்லை, அழுகை வந்தது.

"அடி இவளே, இதுக்குப் போயி அழுவாங்களா?" என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். "வேணும்னா அவுத்துடுறோம். ஆனா குளிக்கிறப்போ மறுபடி கட்டுவோம், ஆமா."

ஆபீசில் பேசி ஒரு வழி கண்டுபிடித்தோம். படம் பெட்டிக்குப் போகுமுன்பே, கெமராவிலேயே சில இடங்களைக் கறுப்பாக்கிவிடலாம். பெட்டிக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது. எந்த இடம் என்பதைக் குளிக்கிறவர்களே சொல்லட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை லெப்டொப்போடு போனேன். கோயில் படியில் கெமரா காணும் காட்சியைத் திரையில் திறந்தேன், என்னைச் சுற்றிப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

பீலியை மூடினோம். பீலிக்குப் போகும் வழியை மூடினோம். கக்கூஸ் பக்கம். துணி காயப்போடும் கொடி. பிறகு அவர்களுக்கு ருசி கண்டுவிட்டது. வாசலில் உட்கார்ந்து பேன் பார்க்கிறோம், அதையும் மூடு என்றாள் ஒருத்தி. என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு விழுகிற இடம், மானம் போகிறது, மூடு என்றாள் இன்னொருத்தி. ஒரே சிரிப்பு. கடைசியில் லயத்து வாசல் வரிசை முழுக்கக் கறுப்பாகி, படத்தில் வெறும் மலைதான் மிஞ்சியது. மண்ணைப் பார்க்க அது போதும். எனக்கும் திருப்திதான்.

எல்லாரும் எழுந்து போன பிறகு மதினி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"புள்ள, எங்க வாசல மட்டும் தொறந்து வுட்டுரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நீங்கதானே மதினி மொத ஆளா சீல கட்டினது?"

"பீலி வேற, வாசல் வேற." திரையில் கறுப்பாகியிருந்த தன் வாசலை விரலால் தொட்டார். "கொஸ்லந்தையில எங்க அக்கா இருந்துச்சுல்ல, மண்ணு வந்தப்போ."

எனக்குத் தெரியும். லயங்களையே மூடிய அந்த மண்சரிவில் போனவரின் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

"அக்கா வெளிய வந்துச்சா, உள்ளயே இருந்துச்சான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. ஓடி வந்தவங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எந்த எடத்துல தோண்டுறதுன்னே தெரியாம நின்னாங்க. நாங்க வெளிய வந்தமா இல்லையான்னு யாராச்சும் ஒருத்தர் பாத்திருக்கணும் புள்ள. மெசினா இருந்தாலும் சரி."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொழுந்துக் கறை ஏறிய, சொரசொரத்த கை. இந்தக் கைதான் எனக்குச் சடை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பியது.

கறுப்பிலிருந்து அந்த ஒரு வாசலை எடுத்தேன். சைரன் அடித்தும் அங்கிருந்து ஆள் வெளியே வராவிட்டால் என் போனுக்குச் சொல்லும்படி பெட்டிக்குப் புதிதாக எழுதியும் வைத்தேன். சோதித்துப் பார்க்க நான் லெப்டொப்போடு கம்பத்தடிக்கு ஏறினேன், மதினி காம்பராவுக்கு இறங்கினார். வாசலில் வந்து நின்று, மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தெரியுதா புள்ள?"

"தெரியுது மதினி!"

உள்ளே போய், தூக்கக் கலக்கத்தில் இருந்த மகளை இழுத்துவந்து தன் முன்னால் நிறுத்தினார்.

"இவ?"

"ரெண்டு பேரும் தெரியுறீங்க மதினி. நல்லாத் தெரியுறீங்க."