உள்ளங்கையில் கடைசி எண்

தேநீருக்கு எழும் முன் அக்கா பேனாவைத் திறந்து இடது உள்ளங்கையில் ஒன்பது இலக்க எண் ஒன்றை எழுதிக்கொள்கிறார். திரையில் கடைசியாகப் பார்த்த பதிவின் எண். பெரிய மருத்துவமனையின் கணினிப் பதிவுகள் அவர் பொறுப்பு. பரிசோதனை முடிவுகள் மட்டும் நான்கு கோடி. அவரைவிட மூத்த மருத்துவர்களுக்கும் அவர் அக்காதான். எண்ணோடு வீடு திரும்பும் நாட்களில் மகள் தன் அப்பாவை எச்சரிப்பாள்: "அம்மா கையில நம்பர் இருக்கு. இப்ப எதுவும் கேக்காதீங்க."

பட்டியலைப் பக்கம் பக்கமாக எண்ணித் தள்ளிக் கணினியிடம் கேட்கும் பக்கக் கணக்கு என்றாலே அக்காவுக்கு ஆகாது. "முதல் அஞ்சு லட்சத்தைத் தள்ளிட்டு அடுத்த ஆயிரத்தைக் குடுன்னா, அது அஞ்சு லட்சத்தையும் எண்ணித்தானே தள்ளும்? இந்த நம்பருக்கு அப்புறம் ஆயிரம் குடுன்னு கேளுங்க. புத்தகத்துப் பின்பக்கப் பட்டியல் மாதிரி உள்ள இருக்கிற இண்டெக்ஸைப் பிடிச்சு நேரா அங்க போய் நிக்கும்." கேட்டுக் கேட்டு, அவரோடு வேலை செய்யும் எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

போன மாதம் ஆய்வுக்கூடக் கருவி ஒன்று பழுதாகி, சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் "நார்மல்" என்று சொல்லியிருந்தது. அதில் பரிசோதித்த பன்னிரண்டாயிரம் பேரையும் தொலைபேசியில் திரும்ப அழைக்க வேண்டும். எங்கள் பிரிவின் புரோகிராமர் பக்கக் கணக்கிலேயே ஆயிரம் ஆயிரமாகப் பட்டியல் எடுத்தார். இரண்டே நாளில் வேலை முடிந்ததாம்.

அக்கா நாற்காலியைத் திருப்பினார். "நாலு நாள் வேலையாச்சே?"

"அடுத்த பக்கம் காலியா வருதுக்கா. அப்ப முடிஞ்சதுதானே?"

"பேசினவங்களைப் பட்டியல்ல இருந்து எடுத்தீங்களா?"

"எடுத்துட்டேன்க்கா."

"அங்கதான் கோட்டை விட்டீங்க. முதல் ஆயிரம் பேரை எடுத்ததும் அடுத்த ஆயிரம் மேல ஏறிடுச்சு. நீங்க முதல் ஆயிரத்தைத் தள்ளிட்டுக் குடுன்னு கேட்டு, அவங்களைத் தள்ளிட்டீங்க. ஒவ்வொரு தடவையும் இதே கதை. ஆறாயிரம் பேர் இன்னும் உள்ளயே இருக்காங்க சார்."

அக்கா யாரையும் திட்டவில்லை. கடைசி எண்ணுக்கு அப்புறம், கடைசி எண்ணுக்கு அப்புறம் என்று கேட்டு வாங்கிக்கொண்டே போனார். தொலைபேசியில் அழைக்கும் ஊழியர்கள் தொண்டை கட்டும்வரை பேசினார்கள்.

நான்காம் நாள் மதியம் ஒரே ஒருவர் பாக்கி. ஏழு முறை அடித்தும் எடுக்கவில்லை.

"ஒருத்தர்தானேக்கா, முதல்ல சாப்பிட வாங்க" என்றார் புரோகிராமர்.

அக்கா எழுந்து குழாயடிக்குப் போனார். இடது கையை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் கழுவினார்.