ஐரீன் டீச்சரின் வீக்கன் கேள்வி

ஐரீனுக்குக் குமட்டல் புதிதல்ல. திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவள். காற்று திரும்பினால் கொடியில் காயும் துணியிலிருந்து சோற்றுப் பானை வரை ஆலை நெடி ஏறிவிடும் தெருவில் மூக்கைப் பிடித்துக்கொண்டே ஆளானவள். ஆனால் அன்று கல்யாண மண்டபத்தில் அவளுக்கு வந்த குமட்டல் வேறு ரகம். அதைச் சொல்வதற்கு முன் அவள் பிழைப்பைச் சொல்லியாக வேண்டும்.

தண்டையார்பேட்டையில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் அலெக்ஸாண்டர் என்பவர் பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் சென்டர் நடத்துகிறார். அங்கே ஐரீன் தர்க்கக் கணக்குச் சொல்லித்தரும் ரீசனிங் டீச்சர். பேங்க் வேலைக்கு அவளே பலமுறை எழுதினாள். எழுத்துத் தேர்வில் எல்லாம் முன்னால் வந்துவிடுவாள், நேர்முகத்தில் விழுவாள். ஒரு தடவை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கனவான், "நீங்க பேசுற தமிழ் எந்த ஊர் தமிழ்?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அவள் பரீட்சை எழுதுவதை விட்டாள். மற்றவர்களை எழுத வைக்க வந்துவிட்டாள்.

அவள் வகுப்பில் பேர்போனது வீக்கன் கேள்வி. முதலில் ஒரு வாதம் இருக்கும். கீழே ஐந்து வாக்கியங்கள். இவற்றில் எது உண்மையானால் அந்த வாதம் வலுவிழக்கும்? பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் அது. ஐரீனுக்கோ அல்வா சாப்பிடுவது மாதிரி.

"வாதத்த கொல்லத் தேவையில்ல," என்பாள். "காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவுல சந்து எங்க கீதுன்னு பாரு. அதுல வேற ஒரு காரணத்த சொருவி வுடு. தன்னால ஆட்டம் கண்டுடும். சொல்றவன் யாரு, நல்லவனா கெட்டவனான்னு பேசுற ஆப்ஷன் கீது பாரு, அத மொதல்ல அட்ச்சுட்டு போ. திருடன் சொன்னாலும் கணக்கு கணக்குதான்."

வீட்டிலும் அவளிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை. அக்கா ஜானட் மட்டும் விதிவிலக்கு. அவளிடம் ஐரீன் வாதாடுவதே இல்லை. அம்மா போன பிறகு அவளை வளர்த்ததே ஜானட்தான்.

ஜானட் வீடு மெயின் ரோட்டைத் தாண்டி இரண்டாவது தெரு. அதன் பின்சுவரை ஒட்டி ஒரு கம்பெனியின் அமிலத் தொட்டிகள். தொட்டிகள் வந்த வருடம் மழைக்காலத்தில் ஜானட்டின் மகள் பிலோமிக்கு இழுப்பு ஆரம்பித்தது. குழந்தை நெஞ்சுக்கூடு தெரியத் தெரிய மூச்சு வாங்கும்போது பார்க்கிறவர்களுக்கே மூச்சு நின்றுவிடும். அந்தத் தெருவில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் இதே கதை. இப்போது கம்பெனி இன்னொரு வரிசைத் தொட்டி வைக்க வேண்டும் என்கிறது. அதற்காக மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் வரப்போகிறது. அங்கே மைக்கில் பேசுவதற்காக ஜானட் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். புதுத் தொட்டிகளுக்கு அனுமதி வந்துவிட்டால் பிலோமியைத் தூக்கிக்கொண்டு ஓட அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

இந்த நேரத்தில்தான் அலெக்ஸாண்டர் ஐரீனிடம் வந்தார்.

"புது மாதிரித் தேர்வு ஒண்ணு போடுறோம் மேடம். லோக்கலா இருந்தா பசங்களுக்குப் புரியும். இந்த வாதத்துக்கு ஸ்ட்ராங்கா வீக்கன் ஆப்ஷன் எழுதிக் குடுங்க."

ஒரு தெருவுக்குப் பக்கத்தில் ஆலை வந்தது, அதன் பிறகு பிள்ளைகளுக்கு மூச்சிழுப்பு வந்தது, ஆகவே ஆலைதான் காரணம். இதுதான் வாதம். ஊர் பேர் இல்லை. ஐரீன் சந்தேகப்படவும் இல்லை. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை இது பொருந்தாத தெரு எது? உட்கார்ந்து ரசித்து எழுதினாள். அக்கா வீட்டுக் கட்டிலடியில் தட்டில் புகையும் கொசுவத்தி ஞாபகம் வந்தது. சந்து கிடைத்துவிட்டது. "அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரவெல்லாம் கொசுவத்தி கொளுத்துகிறார்கள்" என்று எழுதி, தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டாள்.

கூட்டத்தன்று மண்டபத்தில் கல்யாணக் களை. வாசலில் பன்னீர் தெளிக்காததுதான் பாக்கி. பின்கட்டில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது, கம்பெனி உபயம். ஜானட் மைக்கைப் பிடித்தாள். ஒத்திகை பார்த்தபடியே பேசினாள்.

"தொட்டி வர்றதுக்கு முன்னாடி எம் பொண்ணு ஓடி ஆடிகினு இருந்துச்சு சார். வந்தப்புறம் மாடிப்படி ஏற முடில. எங்க தெருவுல எல்லா புள்ளைங்களுக்கும் அதே பேஜாரு. இன்னொண்ணு வாணாம் சார்."

மண்டபம் கைதட்டியது. அடுத்து கம்பெனியின் ஆலோசகர் எழுந்தார். இஸ்திரி கலையாத சட்டை, தேன் தடவிய குரல்.

"அம்மாவோட வருத்தம் புரியுது. ஆனா நாம உண்மையைப் பார்க்கணும். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரவெல்லாம் கொசுவத்தி கொளுத்துகிறார்கள்."

அது ஐரீன் எழுதிக் கொடுத்த வாக்கியம். ஓர் எழுத்து மாறவில்லை. 'உண்மையானால்' என்ற ஒரே ஒரு சொல்லை மட்டும் உருவி எறிந்துவிட்டார்கள். யோசித்துப் பார்க்கச் சொன்ன வாக்கியம் ஆய்வு செய்து கண்டுபிடித்த வாக்கியமாக அவருக்குப் பின்னால் திரையில் பெரிய எழுத்தில் மின்னியது. முன்வரிசையில் அலெக்ஸாண்டர் செல்போனுக்குள் தலையை விட்டிருந்தார். தூ, இவனும் ஒரு மனுஷனா!

"இன்னாயா கதை வுடுற? எந்த வூட்ல நீ வந்து எண்ணின?" என்று பின்னாலிருந்து கெங்கம்மா கத்தினாள். ஜானட்டின் எதிர்வீட்டுக்காரி. கூட்டத்தை நடத்திய அதிகாரி கையை உயர்த்தி உட்காரச் சொன்னார்.

ஐரீன் எழுந்து போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"சார், அது நான் எழுதுன பரீட்சை கேள்வி. நெஜம் இல்ல, உண்மையானால்னு போட்டு எழுதுனது. சரி, அப்படியே வெச்சுக்குவோம். தொட்டி வர்றதுக்கு முன்னாடியும் இதே கொசுவத்திதான் ஏத்திகினு இருந்தாங்க. அப்ப ஏன் இழுப்பு வரல? ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்க தெருவுலயும் ஏத்துறோம். எங்க புள்ளைங்களுக்கு ஏன் வரல?"

இதைவிடச் சுத்தமாக அந்த வாதத்தை யாரும் கிழிக்க முடியாது. வகுப்பாக இருந்தால் பிள்ளைகள் விசிலடித்திருப்பார்கள். ஆலோசகர் பதற்றமே படவில்லை.

"மேடம், முன்னாடி பேசின ஜானட் உங்களுக்கு என்ன வேணும்?"

"அக்கா."

"நன்றி. வேற கேள்வி இல்லை."

அவ்வளவுதான். அதிகாரி "ஓ, சொந்தக்காரங்களா" என்றபடி பேனாவை மூடி வைத்தார். நாலு பேர் சிரித்தார்கள். எந்த ஆப்ஷனை முதலில் அடித்துவிட்டுப் போ என்று வருடக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தாளோ, அதற்கு இங்கே முழு மார்க். ஐரீனுக்குத் தான் கற்றுக்கொடுத்த பாடத்தின் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. இரு தரப்புக் கருத்தும் பதிவானது என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள். கைதட்டிய கைகள் எல்லாம் பிரியாணிப் பொட்டலத்துக்கு நீண்டன. அந்த மசாலா வாடையில் அவள் மண்டபச் சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்தாள்.

அலெக்ஸாண்டர் பின்னாலேயே வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், தெரிஞ்சவர் கேட்டாரு..." என்று ஆரம்பித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "இனிமே உன் சென்டர் படி ஏறுனா என்னிய செருப்பால அடி" என்று சொல்லிவிட்டு ஐரீன் நடந்தாள்.

பொழுது சாயும்போது அக்கா வீட்டுக்குப் போனாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனாள். ஜானட் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து பிலோமியின் கால்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். கொசு மொய்த்தது. குழந்தையின் முழங்கால் வரை தடிப்பு. கட்டிலடியில் கொசுவத்தித் தட்டைக் காணோம்.

"எங்கக்கா கொசுவத்தி?"

"சாக்கடையில போட்டுட்டேன்."

"அக்கா, அது வெறும் கேள்வி. நானா யோசிச்சு எழுதுனது. நீ எத்தினி வருஷமா ஏத்துற, தொட்டி வந்தப்புறம்தானே இவளுக்கு..."

"நீ மைக்குல சொன்னதெல்லாம் கேட்டேன். நல்லாத்தான் சொன்ன." ஜானட் நிமிரவே இல்லை. "ஆனா அந்தாளு அத படிச்சப்ப, அட ஆமால்லன்னு எனக்கே தோணிச்சு ஐரீனு. எம் பொண்ணுக்கு நானே வெசம் வெச்சுகினு இருந்தேனோன்னு. அது மண்டைய வுட்டு போவ மாட்டேங்குது."

வெளியே காற்று திரும்பியது. தொட்டிப் பக்கமிருந்து வந்த நெடி தொண்டையைக் கீறியது, கண்ணில் நீர் வந்தது. அப்போதுதான் கவனித்தாள். பின்சுவர்ப் பக்கத்து ஜன்னல் இரண்டும் ஆவென்று திறந்து கிடந்தன. பிலோமி இருமினாள். இருமல் நிற்காமல் இழுப்பாக மாறியது. ஐரீன் பாய்ந்து போய் ஜன்னல் கதவைப் பிடித்தாள்.

ஜானட் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வாணாம், தொறந்தே இருக்கட்டும். சாத்தினாதான் கெடுதின்னு நீதானே எழுதுன."