கடைசிப் பெண்ணின் அட்வான்ஸ்

எல்லோருக்கும் அவர் ஆஸ்டல் அக்காதான். காய்கறிக் கடைக்காரர் அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்; அவரும் அக்கா என்றே கூப்பிட்டார்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி நடத்திவந்தார் அக்கா. இரண்டு மாடி, நிறைய அறைகள், மூன்றே குளியலறைகள். காலை நேரத்தில் புதிதாக யாராவது உள்ளே நுழைந்தால், ஏதோ அடிதடி நடக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவார்கள். வாளி யாருடையது, வெந்நீரைத் தீர்த்தது யார், இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் விட்டது யார் என்று எல்லா வழக்கும் சமையலறைக்குத்தான் வந்து சேரும். அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொல்வார்.

"உன் வாளிய அவ எடுத்தா, அவ வாளிய நீ எடு. ரெண்டுலயும் தண்ணிதானே நிக்கப் போகுது?"

பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அவரிடம் இல்லை. தூக்கத்தில் பேசுகிறவள் ரேடியோ. வாடகை கொடுக்க முடியாத நாளில் மட்டும் பாசமாகப் பேசுகிறவள் மாசக்கடைசி. மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள் நைட் டியூட்டி. ஊர் அடங்கிய பிறகு வேலைக்குக் கிளம்பி, மற்றவர்கள் வாளிக்குச் சண்டை போடும் நேரத்தில் திரும்பிவந்து, அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே சுருண்டு தூங்கிவிடுவாள். சத்தம் இல்லாத விடுமுறை நாட்களில்தான் அவளுக்குத் தூக்கம் வராது.

சேரும்போது ஒரு மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது எல்லா விடுதியிலும் உள்ளதுதான். அதைத் திருப்பித் தருவதில்தான் அக்காவுக்கு ஒரு முறை இருந்தது. மற்ற இடங்களில் பெயின்ட் செலவு, பல்பு செலவு என்று பிடிப்பார்கள், அல்லது அடுத்த வாரம் வா என்பார்கள். அக்கா பெட்டி இறங்கும்போதே மாடிப்படியில் வைத்து முழுசாக எண்ணிக் கொடுத்துவிடுவார். போகிறவள் இந்த வீட்டை நினைக்கும்போது முகம் சுளிக்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

பக்கத்துக் கட்டிடம் காலியானபோதுதான் சனி பிடித்தது. இடம் இல்லை என்று தினமும் நாலு பெண்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். அக்கா வங்கியில் கடன் வாங்கி அந்தக் கட்டிடத்தையும் குத்தகைக்கு எடுத்தார். கட்டில், மெத்தை, தண்ணீர் சுட வைக்கும் கருவி எல்லாம் புதிதாக வந்து இறங்கின. அதே ஆண்டில், தெருமுனையில் இருந்த பெரிய அலுவலகம் தன் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. பெண்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். அக்கா படியில் நின்று ஒவ்வொருத்திக்கும் எண்ணிக் கொடுத்தார். வங்கித் தவணைக்கு வைத்திருந்ததும் கரைந்தது, மளிகைக்காரருக்குச் சேர வேண்டியதும் கரைந்தது.

கடைசியில் நைட் டியூட்டி மட்டும் மிஞ்சினாள். மருத்துவமனை வீட்டிலிருந்து நடத்துகிற தொழில் இல்லையே. அவளுக்காக மட்டும் அடுப்பு எரிந்தது. கட்டிடக்காரர் பூட்டுப் போட வந்த அன்று அவள் பெட்டியோடு படியில் இறங்கினாள். அக்காவின் கையில் ஒன்றும் இல்லை.

"அப்புறமா வாங்கிக்கிறேன்க்கா. நான் எங்க ஓடிப் போறேன்?"

"ஓடிப் போறது நான்தான்டி," என்றார் அக்கா. இருவரும் சிரித்தார்கள். முதலில் போனவர்களுக்கெல்லாம் முழுசாகக் கிடைத்தது. கூடவே இருந்தவளுக்குக் கைவிரிப்பு. 

தம்பிதான் அவரைத் திவால் அலுவலகத்துக்கு அழைத்துப் போனான். அங்கே விதி எளிது. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒன்று விடாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பாதிப்பதில் வயிற்றுக்குப் போக மீதியை அலுவலகமே எடுத்து எல்லோருக்கும் பங்கு போடும். குறித்த காலம் முடிந்ததும் பாக்கி தள்ளுபடி. நடுவில் யாருக்கும் தனியாக எதுவும் கொடுக்கக் கூடாது.

அக்கா வங்கியை எழுதினார், கட்டிடக்காரரை எழுதினார், மளிகைக்காரரையும் மெத்தைக் கடையையும் எழுதினார். நைட் டியூட்டியை எழுதவில்லை. வங்கியோடு அவளையும் வரிசையில் நிறுத்தி, நூறுக்கு ஆறு ஏழு என்று கிள்ளிக் கொடுப்பதா? அவளுக்கு முழுசாகத் தானே கொடுத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார். தம்பியிடம்கூட வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு தம்பி வீட்டு மாடியில் ஒற்றை அறை. ஓர் அலுவலகக் கேன்டீனில் டோக்கன் கிழித்துக் கொடுக்கும் வேலை. தம்பி பொண்டாட்டி நல்லவள், ஆனால் அமைதியானவள். அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கிற சத்தம்கூடக் கேட்காது. காலையில் அக்கா கண் விழித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருப்பார். யாராவது யாரையாவது திட்டமாட்டார்களா என்று காது தேடும். கீழே குக்கர் ஒரு விசில் அடித்து நிற்கும். அவ்வளவுதான்.

நைட் டியூட்டி முதலில் அடிக்கடி போன் செய்தாள். அட்வான்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, சாப்பிட்டீங்களா, கால் வலி எப்படி இருக்கு என்றுதான் கேட்டாள். அவள் கேட்காததே அக்காவைக் கூசவைத்தது. பணத்தோடுதான் பேசுவது என்று அழைப்பை எடுக்காமல் விட்டார். அடித்து ஓயும் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு திரையில் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருப்பார். மெல்ல மெல்ல அழைப்பு நின்றுபோனது.

திவால் அலுவலகத்துக்குக் காட்டும் செலவுக் கணக்கில் கேன்டீனுக்குப் பஸ்ஸில் போவதாக எழுதினார், நடந்து போனார். மிச்சம் பிடித்த சில்லறை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்ந்தது. அட்வான்ஸ் தொகையில் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்ட சமயத்தில் ஆண்டுக் கணக்கைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி சின்ன வயதுக்காரர். ஜலதோஷம் பிடித்திருந்தது. மூக்கைத் துடைத்தபடியே தாளைப் புரட்டினார்.

"உங்க வீட்டுக்கும் கேன்டீனுக்கும் நடுவுல ஒரு பாலம்தானே? அதுக்கா இவ்வளவு பஸ் செலவு? பிளேன்லயா போறீங்க?"

நேரம் கழித்து வந்த பெண்களின் பொய்களை ஆண்டுக்கணக்கில் கேட்டவர் அக்கா. அகப்படப்போகிற பொய்க்கு முன்னால் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தன் முகம் இப்போது அப்படித்தான் இருக்கிறது என்று தோன்றியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அதிகாரி பேனாவை மூடினார். "டப்பாவுல இருக்கறது எல்லாருக்கும் பொதும்மா. கொண்டு வந்து கட்டிடுங்க. மறைச்சதுக்கு உங்க காலமும் ஆறு மாசம் நீளும். என்னால அதைத் தடுக்க முடியாது."

"சரிங்க சார்."

"அந்தப் பொண்ணு பேரை இப்பவாவது சேர்த்துடலாம். ஒரு தாள்தான். காலம் முடிஞ்சா அதுவும் சேர்ந்து தள்ளுபடி. சேர்க்கலைன்னா மத்ததெல்லாம் போயிடும், இது மட்டும் உங்க தலையிலயே நிக்கும்."

அக்கா நிமிர்ந்தார். "காலம் முடிஞ்ச பிறகும் நிக்குமா?"

"நிக்கும்."

"அப்ப நானா கொடுத்தா யாரும் கேக்க மாட்டீங்களே?"

"அப்ப யார் கேக்கப் போறா? உங்க பணம், உங்க இஷ்டம்."

"அது நிக்கட்டும் சார்."

"எல்லாரும் பாரத்தை இறக்கி வைக்கத்தான் இங்க வர்றாங்க," என்றார் அதிகாரி தும்மலுக்கு நடுவில். "இருக்கறதை இறுக்கிப் பிடிக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்." எடுத்துச் சொல்லியும் மறுத்தார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

டப்பா காலியானது. தம்பி கேள்விப்பட்டுக் குதித்தான்.

"சுண்டைக்காய்க் காசுக்கு ஆறு மாசமா? அந்தப் பொண்ணு அதை எப்பவோ மறந்திருக்கும்க்கா."

 அக்காவுக்கும் பயம் அதுதான். அவள் மறந்திருந்தால், போய் நிற்க ஒரு வாசல்கூட மிச்சம் இல்லை.

ஒருவழியாகக் காலம் முடிந்தது. வங்கிக் கடன் போயிற்று, கட்டிடக்காரர் பாக்கி போயிற்று. தம்பி இனிப்பு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தான். அக்கா மறுநாளிலிருந்து மறுபடியும் நடந்தே போனார், இந்த முறை யாருக்கும் பயப்படாமல். தொகை முழுசாகச் சேர்ந்த அன்று போன் செய்தார். மணி அடிக்க அடிக்க, தான் எடுக்காமல் விட்ட அழைப்புகள் ஒவ்வொன்றும் நெஞ்சில் வந்து இடித்தன.

"அக்கா? உயிரோடதான் இருக்கீங்களா?" என்றாள் நைட் டியூட்டி.  பிறகு முகவரியை மட்டும் சொன்னாள்.

நகரத்தின் மறுகோடியில், அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றின் நாலாவது தளம். கூட வேலை செய்யும் மூன்று பேரோடு சேர்ந்து வீடு எடுத்திருந்தாள். லிஃப்டை விட்டு வெளியே வரும்போதே அக்காவுக்குக் கேட்டது.

"அரை மணி நேரமா உள்ள என்னடி பண்றே? குளிக்கிறியா, குடியே வெச்சிட்டியா?"

அக்கா அழைப்பு மணியை அழுத்தாமல் நின்றார். உள்ளே இன்னொரு குரல் ஷாம்பூவைக் காணோம் என்றது. யாரோ கதவைத் தட்டோ தட்டென்று தட்டினார்கள். கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் மணியை அழுத்தினார்.

நைட் டியூட்டி கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள். காதோரம் ஓரிரண்டு நரை. அக்காவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்தாள். கணுக்காலை அழுத்திப் பார்த்தாள்.

"வீக்கம் இருக்கு. நடக்கிறீங்களா?"

"கொஞ்சம்."

"போன் எடுக்கிறதில்ல, ஊர் சுத்த மட்டும் தெரியுது."

குளியலறை வழக்கு ஒன்று இடையில் அவளிடம் வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவ ஷாம்பூவ நீ எடுத்தா, உன் சோப்ப அவ எடுக்கட்டும்," என்றாள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பேச்சு நீண்டது. ரேடியோவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அதுவும் தூக்கத்தில் பேசுகிறதாம். மாசக்கடைசி வெளிநாடு போய்விட்டாள். விளக்குப் போடும் நேரமும் வந்தது. எழுந்திருக்க வேண்டும். அக்கா பைக்குள் கையை விட்டார். உறை அங்கே இருந்தது, முழுத் தொகையோடு, புது நோட்டாக மாற்றி. இதைக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது. முடிந்த பிறகு இந்த வீட்டு மணியை என்ன சொல்லி அழுத்துவது?

பைக்குள்ளேயே அவர் விரல்கள் உறையைத் திறந்தன. பாதியை மட்டும் வெளியே எடுத்தார்.

"உன் அட்வான்ஸுடி. இப்ப இதுதான் இருக்கு. மீதிய அடுத்த மாசம் கொண்டுவந்து தர்றேன்."

நைட் டியூட்டி பணத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். வாங்கி எண்ணினாள்.

"வட்டி எதுவும் கிடையாதா?"

"வட்டி கேக்குற அளவுக்குப் பெரிய மனுஷி ஆயிட்டியா?"

"சும்மா விட முடியாது. அடுத்த மாசம் எனக்குப் பகல் வேலை, சாயங்காலமா வாங்க. வந்து சமைச்சுப் போடுங்க. இங்க ஒருத்திக்கும் உப்புப் போடத் தெரியாது."

திரும்பிவரும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மிச்சப் பாதி மடியில் இருந்தது. அக்கா அதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார், மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோம், முதல் தடவையே பாதியைக் கொடுத்திருக்க வேண்டாம் என்று பட்டது.