பூட்டிய வீட்டுக்கு ஒரு பொட்டலம்

இது நிஜமாக நடந்தது. பேய் என்றாலே சிரிக்கிறவர்கள் வேலம்பாளையம் வந்து அருள்செல்வனைக் கேட்டுப் பாருங்கள். பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆள் ஊமையாகிவிடுவான். அதனால் நானே சொல்கிறேன்.

கொரோனா இரண்டாம் அலை. பனியன் கம்பெனிகள் எல்லாம் அடைத்துக் கிடந்த வைகாசி மாதம். அருள்செல்வன் மொபெட்டில் லைன் வீடுகளுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தான். கதவைத் தட்டுவான், வாசலில் வைப்பான், தள்ளி நின்றுகொள்வான். பூட்டிய வீடு என்றால் ஊருக்குப் போன வீடு. அங்கே நிற்கவே மாட்டான்.

ஒரு காம்பவுண்டில் சிவகங்கைப் பக்கத்துப் பாண்டியம்மாள் குடியிருந்தாள். கம்பெனியில் செக்கிங் வேலை. ஒண்டிக்கட்டை. ஆனால் தினமும் இரண்டு பொட்டலம் கேட்பாள்.

“ஏனுங்கக்கா, வயித்துக்குள்ள குடோன் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?”

“குடுங்க தம்பி, புண்ணியமாப் போகும்.” அதற்கு மேல் பேசமாட்டாள்.

நடுவில், பொட்டலத்துக்குச் சோறு ஆக்கிய சமையல்காரருக்கே காய்ச்சல் வந்துவிட்டது. மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. நாலாம் நாள் அருள்செல்வன் அந்தக் காம்பவுண்டுக்குள் நுழைந்தபோது மத்தியானம் பன்னிரண்டரை. காக்காய்ச் சத்தம்கூட இல்லை. வரிசையாகப் பூட்டு. பாண்டியம்மாள் கதவு மட்டும் ஒருக்களித்திருந்தது. எங்கும் பிளீச்சிங் பவுடர் நெடி.

“அக்கா! சோறுங்க!”

உள்ளே இருட்டு. அதற்குள்ளிருந்து குரல் வந்தது. வறண்டுபோன குரல்.

“எனக்கு வேணாந் தம்பி... பக்கத்து வீட்டுக்கு...”

“அந்த ஊடு பூட்டியிருக்குதுங்கக்கா.”

“பூட்டுனது நாந்தேன்... உள்ள புள்ள கெடக்கு.”

அவன் பக்கத்து வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தான்.

“காய்ச்சல்னு தெரிஞ்சா ஓனரு வெரட்டிருவாருன்னு... வெளிய பூட்டி வச்சேன். தொறங்க தம்பி... சீக்கிரம்...”

ணங்...

வாசலில் ஒரு சாவி வந்து விழுந்தது. குனிந்து எடுத்தான். “அய்யோ!” என்று உதறினான். அப்படிச் சுட்டது. வாசலிலோ வெயிலே இல்லை. யோசிக்க நேரமில்லை. சட்டை முனையால் பிடித்துப் பூட்டைத் திறந்தான்.

நாற்றம் முகத்தில் அடித்தது. மூலையில் வேல்விழி. ஊருக்குப் போய்விட்டாள் என்று காம்பவுண்டே நம்பிய இருபது வயதுப் பெண். குடம் காலியாக உருண்டு கிடந்தது. உதடு வெடித்திருந்தது. மூச்சு இருக்கிறதா, இல்லையா...

“கண்ணு! கண்ணைத் தொற சாமி!”

அழுதே விட்டான். வண்டியிலிருந்த தண்ணீரில் துணியை நனைத்து வாயில் பிழிந்தான். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. தொண்டை அசைந்தது.

“அக்கா... எங்க...”

“பக்கத்துலதான் இருக்காங்க. அக்கா! புள்ள முழிச்சிருச்சுங்க!”

வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தான்.

“அக்கா?”

ஓடிப்போய் அந்தக் கதவைத் தள்ளினான்.

யாருமில்லை.

தரை முழுக்க வெள்ளைப் பவுடர். அதில் ஒரு காலடிகூட இல்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. டிரைவர் செந்தில்வேல் காம்பவுண்டை ஒரு மாதிரி பார்த்தார்.

“மூணு நாளைக்கு முன்னால இங்கிருந்துதானுங்க ஒரு அம்மாவ ஏத்துனோம். மூச்சு வாங்குனதுல பேச்சே வரலீங்க. இடுப்பு முடிச்சையே புடிச்சுப் புடிச்சுக் காட்டுச்சு. நாங்க பணம் ஏதோ முடிஞ்சிருக்குதுன்னு விட்டுட்டோம்.”

“இப்ப எப்படிங்க இருக்காங்க?”

“நேத்து ராத்திரி போயிட்டாங்களாமுங்க.”

அருள்செல்வன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியிருந்தது.

வேல்விழி பிழைத்துக்கொண்டாள். அந்தப் பூட்டுக்கு ஒரே சாவிதானாம். அதை அக்கா இடுப்பில் முடிந்து வைத்திருந்தாளாம்.

பிறகு அவன் மின்மயானத்தில் போய் விசாரித்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் பாண்டியம்மாளை உடுத்தியிருந்த சேலையோடு பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். அந்த முடிச்சை அவிழ்க்க யாரும் கிட்டப் போகவில்லை. சாவி வந்து விழுந்த அன்றைக்கு மத்தியானம், சரியாகப் பன்னிரண்டரைக்கு, அவளை நெருப்புக்குள் தள்ளியிருந்தார்கள்.