கார் ஷெட்டில் விட்ட நாற்று

“…நாத்து என்னமோ நல்லாத்தான் வந்திருக்கு. நடவு எப்பன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா ஆளு சொல்லி வச்சிடுவேன். அப்புறம் கடைசி நேரத்துல ஆளு கெடைக்கலன்னு என்னையச் சொல்லக் கூடாது” என்றாள் என் வீட்டுக்காரி.

அவள் நின்றது வயல் வரப்பில் இல்லை. எங்கள் வீட்டுக் கார் ஷெட் வாசலில். ஐப்பசி மழை விடாமல் பெய்து, அன்று காலையில்தான் வெறித்திருந்தது. தகரக் கதவைத் தள்ளித் திறந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே செங்கல் முங்கும் அளவுக்குத் தண்ணீர். அடியில் பரப்பியிருந்த செங்கல்லுக்குச் செங்கல் இடுக்கில் இரண்டு விரல் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நெல் நாற்று நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் என் வேலை மேசை ஒரு பக்கம் சாய்ந்து, மாடு படுக்கப் போகிற மாதிரி முன்னங்காலை மடக்கிக்கொண்டிருந்தது.

இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் கார் ஷெட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்களுக்குக் கார் கிடையாது, இன்றுவரை கிடையாது. வீடு கட்டும்போது மேஸ்திரிதான், “பின்னாடி பையன் கார் வாங்குனா ரோட்டுலயா நிறுத்துவான்? இப்பவே ரெண்டு செவுரு சேத்து எழுப்பிடுவோம்” என்றார். பையனுக்கு அப்போது மூன்று வயது. இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை திருச்சியிலிருந்து டாக்சியில் வந்து இறங்குவான். அந்த டாக்சிக்காரரும் நிழலுக்கு வேப்ப மரத்தடியில்தான் வண்டியைப் போடுவார். ஷெட்டில் உர மூட்டை, கால் போன கட்டில், டயர் இல்லாத சைக்கிள் இப்படித்தான் குடியிருந்தன.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன். ஃபிட்டர் என்று கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய பேர் இல்லை அது. பெல்ட் அறுந்தால், பேரிங் போனால் முதலில் ஓடுகிறவன் நான், அதனால் வந்த பேர். ஓனருடைய பிள்ளைகள் ஆலையை விற்றார்கள், வாங்கியவர் இடித்து மனை போட்டுவிட்டார். நான் வீட்டுக்கு வந்தேன். வந்த ஒரு மாதத்திலேயே வீட்டுக்காரியின் அண்ணன் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்கு வாட்ச்மேன் வேலை பேசி வைத்துவிட்டார்.

“உக்கார்ற வேலைதான் மாப்ள. முகூர்த்தம் இல்லாத நாள்ல கேட்டத் தொறக்கவே வேணாம்” என்றார் போனில்.

அந்த வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் ஓட வேண்டிய மெஷின் ஓடாமல் கிடப்பதைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. மண்டபத்தில் என் கண்ணெதிரே என்ன நிற்கும்? வந்தவர்களுடைய செருப்பும் காரும். நான் இந்த ஷெட்டில் ஒரு பட்டறை போடுகிறேன், மருந்தடிக்கிற மெஷின், களை எடுக்கிற மெஷின், மோட்டார் பம்ப் இதெல்லாம் பழுது பார்க்கிறேன் என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

எங்கள் வீட்டில் நிலம் அவள் பொறுப்பு. ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகை நிலம். விதை எடுப்பதிலிருந்து கொள்முதல் நிலையத்தில் மூட்டை போடுகிற வரை எல்லாம் அவள்தான். எனக்கு எங்கள் வயலின் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்ல வேண்டும். யோசித்துப் பேசுகிறவள் அவள். அன்றைக்கும் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

“தீவாளி வரைக்கும் வச்சுக்கங்க. மழைக்கு உள்ள தண்ணி நின்னுச்சுன்னா ஷெட்டக் கேன்காரருக்கு வாடகைக்கு விட்டுடுவேன், நீங்களும் அண்ணன் சொன்ன எடத்துக்குப் போயிடணும். மூஞ்சத் தூக்கி வச்சுக்கக் கூடாது.”

கேன்காரர் என்றால் குடிதண்ணீர்க் கேன் போடுகிற தம்பி. சரக்கு இறக்கி வைக்க எங்கள் ஷெட்டை ஒரு வருஷமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். நான் சரி என்றேன்.

காசில்லாமல் பட்டறை போடுவது ஒரு தனிச் சந்தோஷம் என்று அந்த ஆடி மாதத்தில்தான் தெரிந்தது. ஆலையை இடித்தபோது யாரும் சீண்டாத இரும்பு ஆங்கிள் துண்டுகளை எடுத்து வந்து மேசைக்குக் கால் போட்டேன். மேல் பலகை, ஒரு பழைய வீட்டின் கொல்லைப்புறக் கதவு. தாழ்ப்பாள் இருந்த ஓட்டையை அடைக்கவில்லை, ஸ்க்ரூ டிரைவர் சொருக வசதியாக இருந்தது. போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாம் ஊறுகாய் பாட்டிலுக்குள் போயின. மூடியை மேல் சட்டத்தில் ஆணியடித்து, பாட்டிலை அதில் திருகித் தொங்கவிட்டேன். சுவரில் சாக்பீஸால் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் உருவம் வரைந்து வைத்தேன். பாதி உருவங்களுக்கு ஸ்பேனர் இல்லை, வாங்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

வைஸ் மட்டும் இல்லாமல் முடியாது. எதையும் இறுக்கிப் பிடித்தால்தானே ராவவோ அறுக்கவோ முடியும்? பழைய இரும்புக் கடையில் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. திருகினேன், அசையவில்லை. கடைக்காரர் ஒரு வாய் டீ குடித்துவிட்டுச் சொன்னார்:

“வயசெல்லாம் ஆவலண்ணே அதுக்கு. வேலை இல்லாமப் படுத்துக் கெடக்கு, அவ்ளோதான்.”

அவர் சொன்னது வைஸைப் பற்றித்தான். ஆனால் அதைக் கேட்ட பிறகு அதை வாங்காமல் வர எனக்கு மனசு வரவில்லை. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊற வைத்தேன். மூன்றாம் நாள் முனகிக்கொண்டே திரும்பியது.

ஆவணி பிறந்தபோது மிச்சம் இருந்தது தரை. வீடு கட்டும்போது ரோட்டைவிட ஒரு படி மேலே இருந்த ஷெட் அது. ரோட்டைப் புதுசாகப் போடுகிறேன் என்று பழையதன் மேலேயே போட்டுப் போட்டு, இப்போது ரோடு மேலே, நாங்கள் கீழே. எங்கள் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான், வருஷா வருஷம் ஒரு விரற்கடை உள்ளே இறங்குகிற மாதிரி. தரையை அரை அடி தூக்க வேண்டும். மணல் விலை கேட்டேன், வாயை மூடிக்கொண்டு வந்தேன். சவுடு மண்ணும் வண்டி வாடகையோடு சேர்த்தால் கட்டுப்படியாகாது.

அப்போதுதான் என் ஆலை மூளை வேலை செய்தது. பக்கத்து ஊர் ஆலையில் நெல்லைத் தூற்றும்போது விழுகிற பதர் மலையாகக் குவிந்திருந்தது. எனக்குத் தெரிந்த ஃபிட்டர்தான் அங்கே. “அள்ளிட்டுப் போங்க, எடம் காலியாவும், புண்ணியம்” என்றான். அந்த வாரம் வீட்டுக்காரி திருவிடைமருதூரில் தங்கை மகன் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நான் நாலு நடை வண்டி அடித்து, அரை அடிக்குப் பதரைக் கொட்டி மிதித்து, மேலே லேசாக மண் தூவி, பழைய செங்கல்லைச் சாந்து இல்லாமல் நெருக்கிப் பரப்பிவிட்டேன். வாசலில் ரோட்டுத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க ஒரு முழ உயரத்துக்குச் செங்கல் வைத்துப் பூசி ஒரு தடுப்பு. அன்று மாலை வேலையை முடித்துவிட்டு நானே உள்ளே நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரிலிருந்து வந்தவள் உள்ளே இரண்டு எட்டு வைத்தாள்.

“என்னங்க, மெத்தையில நடக்குற மாதிரி இருக்கு?”

“புதுத் தரை. போகப் போக இறுகிடும்.”

“கீழ என்ன போட்டீங்க?”

“நிரவுனதுதான்” என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புரட்டாசியில் வேலை வர ஆரம்பித்தது. எதிர்வீட்டுக்காரர் மருந்தடிக்கிற மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்தார். “டவுனுக்குத் தூக்கிட்டுப் போனா ஒரு நாள் பொழுது போயிடுது. இங்கன்னா பல்லு வெளக்கிக்கிட்டே வந்துடலாம்” என்றார். நிஜமாகவே வாயில் பிரஷ்ஷோடுதான் நின்றார். அதற்குப் பிறகு ஒரு களை எடுக்கிற மெஷின், ஒரு கிரைண்டர், இரண்டு மோட்டார். சாக்பீஸ் உருவங்களில் மூன்று நிஜ ஸ்பேனராக மாறின. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

ரோட்டுத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை, என் தடுப்பு அப்படி நின்றது. ஆனால் கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தச் சந்து வழியாக மழை முழுவதும் உள்ளே இறங்கியது. இறங்கிய தண்ணீரை வெளியே விடாமல் அதே தடுப்பு காவல் காத்தது. முதல் இரண்டு நாளும் குனிந்து குனிந்து சொம்பால் மொண்டு ஊற்றினேன். பிறகு முதுகு பிடித்துக்கொள்ள, ஒரு வாரம் படுத்துவிட்டேன். மழை விட்ட காலையில் நான் கதவைத் திறந்ததும், பின்னால் வந்து நின்று அவள் நடவுக்கு ஆள் சொல்லவா என்று கேட்டதும் இப்படித்தான்.

அவள் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். குனிந்து ஒரு நாற்றை வேரோடு உருவி, அடியில் ஒட்டியிருந்த நெல்லை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

“இப்பவாவது சொல்லுங்க. கீழ என்ன?”

“பதர்.”

“எந்தப் பதர்?”

“மில்லுல தூத்துறப்ப விழுறது. அது குப்பைதானே?”

“மில்லுக்குக் குப்பை. அதுல நல்ல நெல்லும் கூட விழுந்து கெடக்கும்ங்க. மண்ணுக்கு அது குப்பைன்னு யாரு போயி சொல்றது?” என்றாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். “மூணு பக்கம் செவுரு, நாலாவது பக்கத்துக்கு நீங்க வரப்புக் கட்டியிருக்கீங்க. மக்குறதுக்குப் பதரு, மொளைக்கிறதுக்கு நெல்லு. தண்ணிய வானம் குடுத்துருச்சு. நானே நாத்தங்கால இவ்வளவு பக்குவமாப் போட்டதில்ல.”

“வயலுக்காவது ஆவுமா இது?” என்று கேட்டேன், பேச்சை எங்காவது திருப்ப வேண்டுமே.

“எந்த ரகம்னே தெரியாது. மாட்டுக்குத்தான் ஆவும்.”

அந்த நேரம் பார்த்துக் கேன்காரர் மொபெட்டில் வந்து நின்றார். மழை விட்டதும் வந்து பார்க்கிறேன் என்று முன்பே சொல்லியிருந்தாராம், எனக்குத் தெரியாது. இறங்காமலே எட்டிப் பார்த்தார். என் பாட்டில்களையும் சாய்ந்த மேசையையும் பார்த்தார். நான் எதிர்வீட்டு மெஷினை ஆணியிலிருந்து எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. தஞ்சாவூர் மண்டபத்து கேட் எப்படி இருக்கும், பெரிய இரும்பு கேட்டாக இருந்தால் சக்கரத்துக்கு எண்ணெயாவது போட்டுக்கொண்டிருக்கலாம் என்றெல்லாம் மனசு போனது.

“உள்ள தண்ணி நிக்குதே அக்கா” என்றார் அவர். “கேன் தூக்குற பசங்க சேத்துக் காலோடயா வீடு வீடாப் போவாங்க? தரையத் தூக்கி, வாட்டம் சரி பண்ணிக் குடுத்துடுங்க. இன்னைக்கே பேசி முடிச்சிடலாம்.”

வீட்டுக்காரி தரையைப் பார்த்தாள், கையிலிருந்த நாற்றைப் பார்த்தாள்.

“தரையச் சரி பண்ணிட்டேன்னா அப்புறம் ஒங்களுக்கு எதுக்குத் தம்பி குடுக்குறேன்?”

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்சம் சிரித்தார். “அதுவும் சரிதான்” என்று மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

எனக்கு அப்போதும் உயிர் வரவில்லை. யாருக்காகச் சரி பண்ணப் போகிறாள் என்று அவள் சொல்லவில்லையே. அதைக் கேட்கலாம்தான். ஆனால் வாயில் வந்தது வேறு.

“எந்தப் பக்கம் வாட்டம் வச்சா வடியும்?” என்று கேட்டேன்.

கல்யாணமாகி முப்பது வருஷத்தில், மண்ணைப் பற்றி நான் அவளிடம் ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கே கேட்ட பிறகுதான் உறைத்தது. அவளும் அதைக் கவனித்த மாதிரி தெரிந்தது.

“இத ஆடி மாசம் கேட்டிருக்கணும்” என்றாள். “ரோட்டுப் பக்கம் எப்படி வடியும்? அது நம்மள விட ஒசரம். கொல்லைப் பக்கம் வாய்க்கா ரெண்டடி கீழ ஓடுது, அது கண்ணுல படலையா? அண்ணனுக்குப் போன் பண்ணி, இங்க வேலை கெடக்கு, வர முடியாதுன்னு சொல்லிடுங்க. நான் சொன்னா கோச்சுக்கும்.”

சொல்லிவிட்டு நாற்றை மாட்டுக்குப் போட்டாள். புடவையை இழுத்துச் சொருகினாள். மாட்டுக் கொட்டகையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் கொல்லைப் பக்கம் போனாள். நான் உள்ளேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் பின் சுவரின் அடியில் தொம், தொம் என்று சத்தம் கேட்டது. ஊறுகாய் பாட்டில்களெல்லாம் குலுங்கின. ஏழெட்டு அடிக்குப் பிறகு ஒரு செங்கல் ஆடி, அந்தப் பக்கம் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. ஷெட்டுத் தண்ணீர் அந்த வெளிச்சத்தைப் பார்த்து மெதுவாக நகர்ந்தது, பதர் முன்னால் போய் ஓட்டையை அடைத்துக்கொண்டது. அவள் வெளியிலிருந்து கையை முழங்கை வரை உள்ளே விட்டு, அடைத்ததைப் பிடி பிடியாக அள்ளி வாய்க்காலில் போட்டாள்.