சேற்றில் இறங்கிய குளம்புகள்

பக்கத்து வீட்டுப் பெண் பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஏற்காட்டில் இப்போது வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால் அவள் படிப்பு எனக்கும் வந்துவிடுகிறது. 'இரட்டைப்படைக் குளம்பிகள்' என்று ஒரு சொல் திரும்பத் திரும்பக் கேட்டது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் தெரியாததைக் கேட்க வெட்கப்பட்டதில்லை.

"அதென்ன கண்ணு, குளம்பி?"

"குளம்பு ரெண்டாப் பொளந்திருக்கிற சீவனுங்க ஆயா. மாடு, ஆடு, மான், பன்னி. குதிர அதுல சேராதுங்க."

"ஏன், குதிர என்ன பாவம் பண்ணுச்சு?"

"அதுக்கு ஒத்தக் குளம்புங்க. போங்க ஆயா, நாளைக்குப் பரீச்ச."

சிரித்துக்கொண்டே உள்ளே வந்தேன். குதிரை சேராது என்று முன்பே ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்பது அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான் உறைத்தது. கூடவே வேப்பந்தழைச் சேற்றின் நாற்றமும் வந்துவிட்டது.

மாரமங்கலம் எங்கள் ஊர். அதற்கு மேலே எங்கள் காடு. காடு என்றால் சாமையும் ராகியும் விளைகிற சரிவு நிலம். நான் சிறுமியாக இருந்தபோது அதில் ஏர் ஓட்ட அப்பனிடம் ஒரு சோடிக் காளை இருந்தது. காளை இருந்ததால்தான் நாங்கள் கூலிக்குப் போகாத வீடு. அந்தப் பெருமை எனக்கு அப்போதே உண்டு, இன்னும் போகவில்லை.

ஒரு மழைக்காலத்தில் கோமாரி வந்தது. மாடுகளுக்கு வாயில் நுரை, குளம்பின் பிளவில் புண். சேலத்திலிருந்து மாட்டு டாக்டர் ஜீப்பில் வந்தார். "குளம்பு பொளந்தது எதையும் இது விடாது. எஸ்டேட் ரைட்டரோட மட்டக்குதிரைக்கு ஒண்ணும் ஆகாது. நல்லா இருக்கிற மாட்டத் தனியாக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் காளைகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஊரில் ஒரு வழக்கம். குட்டையில் வேப்பந்தழையை மிதித்துச் சேறாக்கி, நோயுள்ளது இல்லாதது பார்க்காமல் ஊர் மாடு அத்தனையையும் அதில் நடத்த வேண்டும். ஒரு வீடு ஒதுங்கினாலும் மற்ற வீட்டு மாடுகளுக்குக் குணமாகாது என்பார்கள்.

அப்பன் காளைகளை அவிழ்க்கப் போனபோது அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, டாக்டரு அத்தன சொன்னாருங்களே. நம்ம மாடு நல்லாத்தானுங்க இருக்குது."

"டாக்டரு ஜீப்புல போயிட்டாரு. நாளைக்கு இவங்க மூஞ்சிலதான நான் முழிக்கோணும்?"

குட்டையருகே யாரோ கேலி பேசினார்கள். "என்னங்க மாமா தயங்கறீங்க, உங்க காளைக்கு மட்டும் குதிரக் குளம்புங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். அப்பனும் சிரித்தார். சிரித்தபடியே காளைகளை இறக்கிவிட்டார்.

ஒரு வாரத்தில் இரண்டும் நொண்டின. ஒன்று படுத்தது எழவில்லை. "எந்திரிடா சாமி" என்று அப்பன் அதன் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். மற்றதற்குக் குளம்பு கழன்றது. அதன் பிறகு அது நுகம் தாங்கவில்லை.

யாரை நோவது? எல்லோர் வீட்டிலும் அதே கதை. அப்பன் ஒரு பருவம் மண்வெட்டியால் கொத்திப் பார்த்தார், ஆகவில்லை. மூன்று பேரும் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போனோம். அங்கே அம்மா அன்று கயிற்றைப் பிடித்துத் தடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் அப்பனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

போன வருடம் மாரமங்கலத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஊரில் ஒரு மாடுகூட இல்லை. மேலே உண்ணிச்செடி சரிவு முழுவதும் ஒரே புதராக மூடிக் கிடந்தது. எங்கள் காடு எங்கே தொடங்கும், எதுவரை போகும் என்று தேடினேன். கேட்கலாமென்றால் அப்பனைத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. இதுதான் என்று கை காட்ட என்னாலேயே முடியவில்லை.